சுண்டெலிகளுக்கு வந்த இரண்டாவது நோய்

உங்கள் இடுப்பின் பக்கவாட்டில், பெல்ட் போடும் இடத்துக்குச் சற்றுக் கீழே கையை வைத்து அழுத்திப் பாருங்கள். விளிம்பாகக் கெட்டியான எலும்பு தட்டுப்படுகிறதா? வெளியே கெட்டியாக இருந்தாலும் உள்ளே அது சின்னச் சின்ன அறைகளால் ஆனது. அந்த அறைகளில் சிவந்த கூழாக நிறைந்திருப்பதுதான் எலும்பு மஜ்ஜை. நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிச் சாப்பிடுகிறவர்களுக்கு மஜ்ஜையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரத்தம் பிறக்கும் இடம் இந்த மஜ்ஜைதான். வளர்ந்த மனிதரின் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும், கிருமிகளோடு மோதும் வெள்ளணுக்களும் இங்கேதான் பிறக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூலம் மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள். வெள்ளணுக்களில் லிம்ஃபோசைட் என்று ஒரு வகை உண்டு. எது நம் உடம்பு, எது அந்நியம் என்று பிரித்தறிந்து தாக்குவது இவற்றின் வேலை. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். நம் கதை முழுக்க இவை வரப்போகின்றன.

இனி ஒரு புதிர்.

ஈயத்துக்குள் ஒளிந்த மண்ணீரல்

1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் போடப்பட்டன. வெடிப்பிலும் தீயிலும் தப்பியவர்களில் பலர் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டும், ரத்தம் கசிந்தும் இறந்துபோனார்கள். கதிர்வீச்சு அவர்கள் உடம்பில் எதை அழித்தது? அதைக் கண்டுபிடிக்கப் பல நாட்டு ஆய்வகங்களில் சோதனைகள் தொடங்கின.

சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1949-ல் ஒரு சோதனை செய்தார். சுண்டெலிகளுக்கு மண்ணீரலிலும் ரத்தம் உற்பத்தியாகும். அந்த மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மூடிவிட்டு, எலியின் மற்ற உடம்பின் மேல் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கதிர்வீச்சைச் செலுத்தினார். ஈயம் கதிர்களைத் தடுக்கும் அல்லவா? மண்ணீரலை மூடிய எலிகள் பிழைத்தன. மூடாத எலிகள் செத்தன. 1951-ல் ஈகான் லோரென்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு இன்னொரு படி மேலே போனது. கதிர்வீச்சு பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றியது. அவையும் பிழைத்தன.

மஜ்ஜையில் இருக்கும் ஏதோ ஒரு ரசாயனம்தான் அவற்றைக் காப்பாற்றுகிறது என்று பலர் நினைத்தார்கள். 1956-ல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் அதற்கு விடை கிடைத்தது. அங்கே மஜ்ஜை கொடுத்த எலிகளின் குரோமோசோம்களில் ஒன்று வழக்கத்தைவிடக் குட்டையாக இருக்கும். அதை மைக்ராஸ்கோப்பில் அடையாளம் கண்டுவிடலாம். மஜ்ஜை பெற்றுப் பிழைத்த எலிகளின் ரத்தம் பிறக்கும் இடங்களில் பார்த்தால், அதே குட்டைக் குரோமோசோம் கொண்ட செல்கள்! வந்த செல்கள் எலும்புக்குள் குடியேறி, அங்கேயே பெருகிக் குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்தன.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சில வாரங்கள் கழித்து, பிழைத்த எலிகளில் சில மெலிய ஆரம்பித்தன. வயிற்றுப்போக்கு வந்தது. தோலில் புண் கண்டது. மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, ஒரு மூலையில் ஒடுங்கின. கடைசியில் செத்தன. கதிர்வீச்சால் வந்தது முதல் நோய் என்றால், இதற்கு ‘இரண்டாவது நோய்’ என்றே பெயர் வைத்தார்கள்.

துப்பு ஒன்று தருகிறேன். ஒரே இனத்து எலியின் மஜ்ஜையைப் பெற்ற எலிகளுக்கு இந்த நோய் வரவில்லை. வேறு இனத்து எலியின் மஜ்ஜையைப் பெற்றவற்றுக்கே வந்தது. யார் யாரைத் தாக்கியிருப்பார்கள்? மேலே படிக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

யார் தாக்கியது?

ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினால், பெற்றுக்கொண்டவரின் லிம்ஃபோசைட்டுகள் அந்தச் சிறுநீரகத்தை அந்நியம் என்று கருதித் தாக்கும். இது பலருக்கும் தெரியும். மஜ்ஜை விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மஜ்ஜையைக் கொடுக்கும்போது அதோடு லிம்ஃபோசைட்டுகளும் சேர்ந்தே போகின்றன. புது உடம்புக்குள் நுழைந்ததும் அவை சுற்றிலும் பார்க்கின்றன. தோல், கல்லீரல், குடல் எல்லாமே அவற்றுக்கு அந்நியம். ஆகவே உடம்பையே தாக்கத் தொடங்கிவிடுகின்றன. எலிகளுக்கு வந்த இரண்டாவது நோய் இதுதான். மனிதர்களுக்கு வரும்போது டாக்டர்கள் இதை ஜி.வி.எச்.டி. என்கிறார்கள்.

ஒரு குடியிருப்பில் பல வருடம் வேலை பார்த்த வாட்ச்மேனை ஒரே இரவில் வேறு குடியிருப்புக்கு மாற்றிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் திறமைசாலி, கண்டிப்பானவர். ஆனால் இங்கே ஒரு முகம்கூட அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரரையே வாசலில் நிறுத்திப் பிடித்துக்கொள்வார். தப்பு அவருடைய திறமையில் இல்லை. அறிமுகம் போதவில்லை, அவ்வளவுதான்.

ரூபர்ட் பில்லிங்ஹாம் என்ற விஞ்ஞானி 1960-களில் இதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார். உள்ளே வரும் திசுவில், தாக்கும் திறமையுள்ள செல்கள் இருக்க வேண்டும். பெறுகிறவரின் திசு, கொடுத்தவரின் திசுவிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். வந்த செல்களைத் துரத்தும் தெம்பு பெறுகிறவருக்கு இல்லாதிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். அப்படியானால் மூன்றில் ஒன்றைக் கட்டுப்படுத்தினால்? சிகிச்சைக்கான வழி அங்கேதான் திறந்தது.

அடையாளம் பார்க்கும் கணக்கு

முதல் வழி, வேறுபாட்டைக் குறைப்பது. நம் செல்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரத அடையாளங்கள் உண்டு. இவற்றில் முதலாவதைப் பாரிஸைச் சேர்ந்த ழான் டோஸே 1958-ல் கண்டறிந்தார். லிம்ஃபோசைட்டுகள் ‘நம்மவரா’ என்று சரிபார்ப்பது இந்த அடையாளங்களைத்தான்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பாவிடம் இரண்டு தொகுப்பு அடையாளங்கள்: அ, ஆ. அம்மாவிடம் இரண்டு: இ, ஈ. ஒவ்வொரு குழந்தைக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று கிடைக்கும். என்னென்ன சேர்க்கை வரும்? அ-இ, அ-ஈ, ஆ-இ, ஆ-ஈ. நான்கே நான்கு. ஆகவே உடன்பிறந்த இருவருக்கு முழுப் பொருத்தம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பெரும்பாலும் பாதிப் பொருத்தம்தான் இருக்கும். மஜ்ஜை தேவைப்படும் குழந்தைக்கு டாக்டர்கள் முதலில் அண்ணன், தங்கையின் ரத்தத்தைச் சோதிப்பதற்குக் காரணம் இதுதான்.

நோயுள்ள மஜ்ஜைக்குப் பதிலாக இன்னொருவரின் நல்ல மஜ்ஜையை ஏற்றும் இந்தச் சிகிச்சையை மனிதர்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ். அவருடைய மனைவி டாட்டியும் கூடவே உழைத்தார். 1957-ல் தாமஸ் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றியதைப் பற்றி எழுதினார். அவர்களில் ஒருவரும் நூறு நாளைத் தாண்டவில்லை. மனிதர்களுக்கு இது சரிப்படாது என்று பலரும் கைவிட்டார்கள். தாமஸ் விடவில்லை. நாய்களை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தார். ஒரே ஈற்றுக் குட்டிகளில் அடையாளம் பொருந்தும் குட்டிகளைத் தேர்ந்தெடுத்து மஜ்ஜையை மாற்றி, மெதோட்ரெக்சேட் என்ற மருந்தையும் கொடுத்தால், நாய்கள் நெடுநாள் வாழ்வதைக் கண்டார். 1969-ல் சியாட்டிலில் அவருடைய குழு, அடையாளம் பொருந்திய உடன்பிறந்தவர்களின் மஜ்ஜையை ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ஏற்றத் தொடங்கியது. 1990-ல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நார்வே மண்ணில் கிடைத்த மருந்து

அடையாளங்கள் பொருந்தினாலும் சின்னச் சின்ன வேறுபாடுகள் மிஞ்சும். அதற்குத்தான் இரண்டாவது வழி: வந்த லிம்ஃபோசைட்டுகளைக் கொஞ்ச காலம் மருந்தால் அடக்கிவைப்பது.

மெதோட்ரெக்சேட், வேகமாகப் பெருகும் செல்களை மடக்கும். மஜ்ஜை ஏற்றிய பிறகு 1, 3, 6, 11-ஆம் நாட்களில் சிறு அளவில் இதைக் கொடுப்பது சியாட்டில் குழுவின் முறை. ஏன் அந்த நாட்கள்? அந்நியத் திசுவைக் கண்டு சீறும் லிம்ஃபோசைட்டுகள் வேகவேகமாகப் பெருகும் சமயம் அதுதான். அப்போது மருந்து கொடுத்தால் சண்டைக்கு வரும் செல்கள்தான் அதிகமாக அடிபடும்.

இன்னொரு மருந்து சைக்ளோஸ்போரின். 1969-ல் நார்வேயின் ஹார்டாங்கர்விடா மேட்டு நிலத்தில் எடுத்த ஒரு பிடி மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் அதை ஆராய்ந்தது. கிருமிகளைக் கொல்லும் மருந்தாக அது பெரிதாகப் பயன்படவில்லை. ஆனால் லிம்ஃபோசைட்டுகளை அடக்கும் அபாரத் திறமை அதில் இருப்பது 1970-களில் தெரியவந்தது. டி-செல் என்ற லிம்ஃபோசைட், அந்நியத்தைக் கண்டதும் இன்டர்லூக்கின்-2 என்ற பொருளைச் சுரந்து, ‘பெருகுங்கள்’ என்று ஆணையிடும். சைக்ளோஸ்போரின் அந்த ஆணை உருவாவதையே தடுக்கிறது. செல் சாகாது, கூட்டம் சேர்க்க முடியாமல் நிற்கும். மஜ்ஜையின் மற்ற வேலைகள் தடையில்லாமல் நடக்கும்.

இதைச் சரியான நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி சோதிப்பார்கள். கூடினால் சிறுநீரகம் பாதிக்கப்படும், குறைந்தால் ஜி.வி.எச்.டி. தலைதூக்கும். பம்பளிமாஸ் பழத்துக்குக்கூட அப்போது தடை! அந்தப் பழத்தில் உள்ள சில பொருட்கள், குடலில் மருந்து சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்.

பூஜ்யத்தில் தொடங்கும் நாட்கள்

மஜ்ஜை மாற்று வார்டில் நாட்களை விசித்திரமாக எண்ணுவார்கள். மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு என்று இறங்கிக்கொண்டே வரும். அந்த நாட்களில் கடுமையான மருந்துகளும், சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுத்து, நோயுள்ள பழைய மஜ்ஜையை அழிப்பார்கள். புதுச் செல்களைப் பழைய லிம்ஃபோசைட்டுகள் துரத்திவிடாமல் இருக்கவும் இது தேவை. பிறகு வருவது பூஜ்யம் நாள்.

பூஜ்யம் நாளில் ஆபரேஷன் கிடையாது. கொடையாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி எடுத்திருப்பார்கள். அவருக்குச் சில நாள் இடுப்பு வலிக்கும். கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும். நோயாளியின் அறையில் ஸ்டாண்டில் கருஞ்சிவப்பான ஒரு பை தொங்கும். மார்பின் பெரிய ரத்தக்குழாயில் பொருத்திய மெல்லிய டியூப் வழியாக மஜ்ஜை சொட்டுச் சொட்டாக இறங்கும். எலும்பு எங்கே இருக்கிறது என்று யாரும் அந்தச் செல்களுக்கு வழிகாட்டுவதில்லை. எலும்பிலிருந்து வெளிப்படும் ரசாயன அழைப்பைப் பிடித்துக்கொண்டு அவையே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

அடுத்து வருவது காத்திருப்பு. கிருமிகளை விழுங்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள், ஆரோக்கியமானவரிடம் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்கும். ஒரு லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோலிட்டர். இப்போது அந்த எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். வாயெல்லாம் புண். சின்னக் காய்ச்சல்கூட ஆபத்து. அறைக்குள் வரும் காற்றையும் நுண்வடிகட்டி சுத்தம் செய்தே அனுப்பும், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். பூச்செடிகளுக்கும் பூங்கொத்துகளுக்கும் அனுமதி இல்லை. நாம் தினமும் சுவாசித்துத் தப்பிவிடும் பூஞ்சை வித்துக்கள் இவர்களின் நுரையீரலில் முளைத்துவிடக்கூடும்.

ஏற்றும் ரத்தத்தில்கூட எச்சரிக்கை வேண்டும். ரத்ததானத்தில் வந்த பையிலும் யாரோ ஒருவரின் லிம்ஃபோசைட்டுகள் சில இருக்குமே! அவை பெருகிவிடாதபடி, இந்த நோயாளிகளுக்கான ரத்தப் பையின் மேல் கதிர்வீச்சைச் செலுத்திய பிறகே ஏற்றுவார்கள்.

பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் எண்ணிக்கை ஏறும். 100, 200, 350... தொடர்ந்து மூன்று நாள் 500-ஐத் தாண்டினால் புது மஜ்ஜை பிடித்துவிட்டது என்று அர்த்தம். கொடையாளியின் ரத்த வகை வேறாக இருந்தால், மாதங்கள் போகப் போக நோயாளியின் ரத்த வகையே மாறிவிடும்!

மறந்துபோன தடுப்பூசிகள்

நியூட்ரோஃபில்கள் வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. லிம்ஃபோசைட்டுகள் தேர்ச்சி பெற நாளாகும். அவற்றில் பி-செல் என்ற வகை தேற மாதங்கள் ஆகும். டி-செல்களுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. ‘இது நம் உடம்பு, இதைத் தொடாதே’ என்ற பாடத்தைப் புது டி-செல்கள் படிப்பது அங்கேதான். வயது ஏற ஏறத் தைமஸ் சுருங்கும். அதனால் இந்த விஷயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் சீக்கிரம் தேறுகிறார்கள்.

இதில் இன்னோர் இழப்பும் இருக்கிறது. நீங்கள் குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசிகளின் நினைவைச் சுமப்பவை லிம்ஃபோசைட்டுகள்தான். பழைய மஜ்ஜையோடு அந்த நினைவும் பெருமளவு போய்விடும். பத்து வயதுப் பிள்ளையானாலும் கைக்குழந்தையைப் போல மறுபடி ஒவ்வொரு ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மஜ்ஜை ஏற்றிய ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் இதைத் தொடங்குவார்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற, உயிருள்ள வலுக்குறைந்த கிருமிகளால் ஆன தடுப்பூசிகளுக்கு வழக்கமாக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அடக்கும் மருந்துகளும் நின்றிருக்க வேண்டும்.

எலிகள் சொன்ன இன்னொரு சேதி

இவ்வளவு தொல்லை தரும் லிம்ஃபோசைட்டுகளை மஜ்ஜையிலிருந்து முழுக்க வடிகட்டி எறிந்துவிட்டால் என்ன? நல்ல கேள்வி. அதையும் செய்து பார்த்தார்கள். ஜி.வி.எச்.டி. குறைந்தது. ஆனால் புது மஜ்ஜை நிலைக்காமல் போவதும், ரத்தப் புற்றுநோய் திரும்பி வருவதும் அதிகரித்தன.

இதற்கான குறிப்பை 1956-லேயே ஹார்வெல் எலிகள் கொடுத்திருந்தன. ரத்தப் புற்றுநோய் வந்த எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, தம் இனத்து மஜ்ஜையை ஏற்றியபோது புற்றுநோய் திரும்பியது. வேறு இனத்து மஜ்ஜையை ஏற்றியபோது எலிகள் இரண்டாவது நோயால் செத்தன. ஆனால் அவற்றில் புற்றுநோய் இல்லை. உடம்பைத் தாக்கிய அதே லிம்ஃபோசைட்டுகள், ஒளிந்திருந்த புற்றுநோய்ச் செல்களையும் தேடி அழித்திருந்தன.

1990-ல் ஜெர்மனியின் ஹான்ஸ்-யோகெம் கோல்ப் குழு இதை மனிதர்களிடம் பயன்படுத்தியது. மஜ்ஜை மாற்றிய பிறகு ஒரு வகை ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்த மூன்று பேருக்கு, முன்பு மஜ்ஜை கொடுத்த அதே கொடையாளியின் லிம்ஃபோசைட்டுகளை ஏற்றினார்கள். நோய் பின்வாங்கியது. இன்றும் இந்த முறை உண்டு. முதலில் கொஞ்சமாகக் கொடுத்து, ஜி.வி.எச்.டி. வருகிறதா என்று பார்த்து, பிறகு அளவைக் கூட்டுவார்கள்.

ஆகவே டாக்டர் தினமும் தராசு பிடிக்கிறார். அதிகம் அடக்கினால் கிருமிகளும் புற்றுநோயும் துணிந்துவிடும். குறைவாக அடக்கினால் உடம்பே தாக்கப்படும். தாலசீமியா போன்ற, புற்றுநோய் அல்லாத ரத்த நோய்களில் இந்தக் கணக்கு மாறும். அங்கே தேடி அழிக்கப் புற்றுநோய்ச் செல் எதுவும் இல்லாததால், புது செல்கள் சாந்தமாகக் குடியேறினால் போதும். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1986-லிருந்து மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்கிறது. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த தாலசீமியா பிள்ளைகள் பலர் அங்கே அந்தக் கட்டாயத்திலிருந்து விடுபட்டிருக்கிறார்கள்.

இன்னொரு நல்ல செய்தி. சிறுநீரகம் மாற்றியவர்கள் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அடக்கும் மருந்தைச் சாப்பிட வேண்டும். மஜ்ஜை மாற்றியவர்களில் பலருக்கு அப்படி இல்லை. புது லிம்ஃபோசைட்டுகள் புது உடம்பிலேயே பிறந்து, அங்கேயே பாடம் படிக்கின்றன. மாதங்கள் போகப் போக அந்த உடம்பு அவற்றுக்குப் பழகிவிடுகிறது. மருந்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்திவிடலாம். சிலருக்கு மட்டும் ஜி.வி.எச்.டி. நீடித்து, வருடக்கணக்கில் மருந்து தேவைப்படும்.

எதிர்ப்பு சக்தி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று விளம்பரங்கள் சொல்லும். சுண்டெலிகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். யாரைத் தாக்க வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்ற அறிவுதான் எதிர்ப்பு சக்தி. தாக்காமல் இருப்பதையும் அது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் பள்ளிக்கு அப்படி ஒரு பிள்ளை சிகிச்சை முடிந்து திரும்பி வரலாம். முடி இப்போதுதான் முளைத்திருக்கும். முகத்தில் மாஸ்க் இருக்கும். அந்த நோய் யாருக்கும் தொற்றாது. நம்மிடமிருந்துதான் அந்தப் பிள்ளைக்குத் தொற்றக்கூடும். சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளி உட்காருங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். அன்றே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். உங்கள் தடுப்பூசி எதுவும் விட்டுப்போயிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நோய் வராவிட்டால் உங்களிடமிருந்து அந்தப் பிள்ளைக்கும் வராது. 18 வயது ஆனதும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்து, கொடையாளிப் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். உடன்பிறந்தவர் யாரும் பொருந்தாத ஒரு பிள்ளைக்கு உங்கள் மஜ்ஜை பொருந்தலாம். அதுவரை, அந்தப் பிள்ளையை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.